விருந்தாளிக்கு ஒரு டாங்கி

ஜானகிராமன் அந்தப் பெட்டியை டிராயிங் ஆபீஸ் மேஜைமேல் வைத்தபோது அதிலிருந்து வெள்ளிப் பூச்சிகள் ஓடின. மூடியில், பனியைக் கிழித்துக்கொண்டு வரும் ஒரு டாங்கியின் வண்ணப் படம். மேலே ஜப்பானிய எழுத்து. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 'பான்தர், ஜெர்மன் டாங்கி' என்று இருந்தது.

"பிளாஸ்டிக் கிட். டோக்கியோ எக்ஸிபிஷனுக்குப் போனப்போ வாங்கினது. பையன் ஒட்டுவான்னு நெனச்சேன். அவன் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிண்டு போயிட்டான். பத்து வருஷமாப் பரண்ல கெடக்கு" என்றார்.

செங்கல்பட்டுக்கு வடக்கே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த அந்த வால்வு தொழிற்சாலைக்கு ஜானகிராமன் வொர்க்ஸ் மேனேஜர். உப்பிலி அங்கே சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். ஒரு ஜெர்மன் கம்பெனியின் கூட்டில் நடந்த தொழிற்சாலை. 1974 தொடக்கத்தில், புது மாதிரி வால்வுகளின் வரைபடங்களைத் தருவதாகவும், அவற்றைப் பழகிக்கொள்ள இங்கிருந்து ஒரே ஒரு ஆளை ஆறு மாதம் ஜெர்மனிக்கு அழைத்துக்கொள்வதாகவும் அந்தக் கம்பெனி எழுதியிருந்தது. வரைபடம் படிக்கிற ஆள் என்றால் உப்பிலிதான் என்பது கேண்டீனில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும். ஆனால் பெயரைச் சொல்ல வேண்டியவர் ஜானகிராமன்.

"அடுத்த மாசம் ஜெர்மன் கம்பெனிலேர்ந்து ஹெர் வில்கென்ஸ் வரார். மகாபலிபுரத்துல பீச் ஓட்டல்ல லஞ்ச். நடராஜர், சந்தன மாலைன்னு ஊர்ல எல்லாரும் குடுக்கறதையே நாமளும் குடுக்கணுமா? இது அவா ஊர் டேங்க். அவா இஞ்சினியரிங். அசந்து போயிடுவார் மனுஷன். நீ ஒட்டிக் குடுத்துடு உப்பிலி. அவர்கிட்ட உன்னை இன்ட்ரட்யூஸ் பண்ணி வெக்கறேன். ஜெர்மனி சீட் உனக்குத்தானே, வேற யாருக்கு?"

கடைசி வாக்கியம்தான் உப்பிலியின் காதில் நின்றது. பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

பெட்டிக்குள் நிலைமை மோசமாக இருந்தது. பச்சை பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் காய்போலத் தொங்கிக்கொண்டிருந்தன. பாதி கழன்று அடியில் கிடந்தன. கூடவே வந்த பசைக் குழாய் கல்லாகியிருந்தது. சக்கரங்களைச் சுற்றி மாட்ட வேண்டிய ரப்பர் பட்டைகள் கை பட்டதும் முறுக்குபோல் நொறுங்கின. சக்கரங்களில் ஒன்றைக் காணோம். எப்படிப் பொருத்த வேண்டும் என்று படம் போட்டுக் காட்டிய தாளில் கீழ்ப்பாதியைப் பூச்சி தின்றிருந்தது. ஒருகாலத்தில் மோட்டார் வைத்து ஓடுகிற பொம்மையாக அதை நினைத்துச் செய்திருக்கிறார்கள். அடிப்பாகம் முழுக்க பேட்டரிக்கும் ஸ்விட்சுக்குமாக ஓட்டைகள். மோட்டார் இல்லை.

மறுநாள் ஸ்டோர்ஸுக்குப் போனான். ஸ்டோர்கீப்பர் சௌகத் அலி அவனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்.

"இன்னா சாமி, டேங்க்கு செய்றியாமே? எந்த பார்டருக்கு அனுப்பப் போறே?"

"பிளாஸ்டிக் ஒட்டறதுக்கு ஏதாவது இருக்கா பாய்?"

"யாருக்கு? மேனேஜருக்கா? போன வர்ஷம் அவரு வூட்டு மோட்டார் பம்பு, அதுக்கு முந்தி அவரு மச்சினி வூட்டு கேட்டு, இப்போ டேங்க்கு. அடுத்தது இன்னா, ஏரோப்ளேனா?"

"இது ஜெர்மன்காரருக்கு. அவர்கிட்ட மேனேஜர் என் வேலையைக் காட்டப் போறார்."

"காட்டுவாரு, காட்டுவாரு." சௌகத் அலி அலமாரிக்குப் பின்னால் போய் ஒரு சின்ன மருந்துப் புட்டியில் எதையோ ஊற்றிக்கொண்டு வந்தார். "பெயின்ட் ஷாப்புல டொலுயீன் கீது. தொட்டு வெச்சா போதும், பிளாஸ்டிக் ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சி புடிச்சிக்கும். மூக்க மட்டும் பாத்துக்கோ. ரொம்ப மோந்துட்டு மேனேஜர நல்லவர்னு சொல்லப் போறே."

அடுத்த சில வாரங்கள் உப்பிலி சந்தோஷமாக இருந்தான். ஆபீஸிலிருந்து வந்ததும் காபியைக் குடித்துவிட்டு ஜன்னலோரம் உட்காருவான். முதலில் ஒரு பாகத்தையும் ஒட்டவில்லை. தாள் பாதி போய்விட்டதால், ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி என்று டிரேசிங் பேப்பரில் வரைந்தான். எந்தக் குழிக்கு எந்த முளை என்று அந்தப் படமே காட்டிக்கொடுத்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சட்டத்திலிருந்து வெட்டி, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறுகளைப் பாதி பிளேடால் சீவினான். காலிச் சட்டங்களைத் துண்டாக்கி டொலுயீனில் ஊறப் போட்டால் பச்சைக் கூழாகும். அதைக் கொண்டு அடிப்பாகத்து ஓட்டைகளை அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தான். விரலால் தடவினால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. காணாமல் போன சக்கரத்துக்காக, இருந்த சக்கரம் ஒன்றைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து, பெயின்ட் ஷாப்பில் பள்ளம் அடைக்கிற பட்டியை நிரப்பி வார்த்தான். நொறுங்கிய பட்டைகளுக்குப் பதில் பழைய சைக்கிள் டியூப். அதில் குறுக்கே வரிவரியாகக் கீறி, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி நின்ற சக்கரங்களைச் சுற்றி இழுத்து மாட்டினான். பீரங்கிக் குழாய் தாங்கிய மேல்கூண்டு, விரல் நுனியால் தள்ளினால் சத்தமில்லாமல் திரும்பியது.

அவன் மனைவி வத்சலா முறத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன்னா, இது யுத்தத்துல ஓட்டின வண்டிதானே?"

"ஆமாம்."

"அவா தோத்துப்போன யுத்தம்."

"அதுக்கென்ன?"

"எங்க அண்ணா லாரி மோதித்தான் போனான். எங்காத்துக்கு யாராவது பொம்மை லாரி வாங்கிண்டு வந்தா எங்கம்மா என்ன பண்ணுவா சொல்லுங்கோ. வாசலோட அனுப்பிடுவா."

"இது வேற வத்சலா. இஞ்சினியரிங். அவாளுக்குப் பெருமையா இருக்கும்."

"பெருமையா இருந்தா சரி" என்று அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

அவள் சொன்னது அவனுக்குள் இறங்காமல் இல்லை. ஆனால் ஜானகிராமனிடம் போய் இதைச் சொன்னால் பெட்டியைத் திருப்பிக் கொடு என்பார். பெட்டி போனால் அறிமுகம் போகும். அறிமுகம் போனால் ஜெர்மனி போகும். பச்சையின் மேல் காவி நிறத்தில் வரிகள் தீட்டி முடித்தான்.

அதைவிடப் பெரிய தடை மாமல்லபுரத்தில் இருந்தது. உப்பிலியின் அப்பா அங்கே பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்பவர். அவருடைய அப்பாவும் அதே. கடல் தாண்டிப் போய் வந்தவன் பெருமாளைத் தொடக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஜெர்மனிப் பேச்சு எழுந்த நாளிலிருந்து அப்பா அவனோடு சரியாகப் பேசவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறிப் போய் அவர் எதிரே உட்கார்ந்துவிட்டு வந்தான்.

"எனக்கப்புறம் உள்ள போய் நிக்க யாரு இருக்கா?" என்பார்.

"நான் இப்பவே நிக்கலையே அப்பா. வால்வுக்குப் படம் போட்டுண்டு இருக்கேன்."

"என்னைக்காவது வருவேன்னு இருந்தேன்."

கடைசியில் ஒரு ஞாயிறு, சாப்பாடு ஆன பிறகு, அவராகவே சொன்னார். "போயிட்டு வா. உன் காலத்துக்கு நான் குறுக்க நிக்கலை. ஆனா அங்க நீயேதான் அடுப்பு மூட்டித் தளிகை பண்ணிக்கணும். இன்னொண்ணு. அந்த பீச் ஓட்டல்ல விருந்துன்னியே, அங்க கை நனைக்காதே. மீனும் நண்டும் பீரும் பொரள்ற இடம். பரிமாறற தேவசகாயம் தெனம் நம்மாத்து வழியாத்தான் சைக்கிள்ல போறான். நீ ஒரு வாய் சாப்பிட்டா சாயங்காலத்துக்குள்ள சன்னிதித் தெரு பூராத் தெரியும். இந்த ஊர்ல என் மானத்தை வாங்கிடாதே."

"தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்பா" என்றான் உப்பிலி. அவ்வளவு சுலபமாக முடியும் என்று அவன் நினைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்தான்.

விருந்து நாளில் டாங்கியை அட்டைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி எடுத்துப் போனான். ஓட்டலின் கடல் பார்த்த கூடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். ஜானகிராமன் முன்பே வந்திருந்தார். கூடவே அவருடைய அக்கா மகன் தேசிகன். இஞ்சினியரிங் முடித்துத் தொழிற்சாலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஜானகிராமன் டாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதம். ஒண்ணு கொறையறது." பையிலிருந்து ஒரு சம்புடத்தை எடுத்தார். முன்பக்கத்துச் சரிவில் பெரிதாகச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தார். மேல்கூண்டைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை. பட்டைகளுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம். "புது வண்டியை மொட்டையா நிறுத்தலாமோ?"

ஈரச் சந்தனம் பெயின்ட்டில் இறங்குவதை உப்பிலி பார்த்தான். மேலே ஒரு பட்டுத் துணியைப் போர்த்தினார்கள்.

வில்கென்ஸ் ஐம்பது வயதைத் தாண்டியவர். உயரம், வெயிலில் கழுத்து சிவந்திருந்தது. எல்லோருக்கும் கை கொடுத்தார், உப்பிலிக்கும். இவரும் உட்காரட்டும் என்று அவர்தான் நாற்காலியைக் காட்டினார். மீன் வந்தது, இறால் வந்தது. உப்பிலி காலித் தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். தேவசகாயம் குனிந்து, "இன்னா சாமி, எளநி கூட வாணாவா? சீவினது நான் இல்ல, உங்க தெருக்காரன்தான்" என்று காதருகே சொல்லிச் சிரித்தார்.

"வேண்டாம்பா."

வில்கென்ஸ் கவனித்தார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. "உடம்பு சரியில்லையா?"

"இல்லை, சார். நான் வெளியில் சாப்பிடுவதில்லை."

"கோயில் குடும்பம்" என்றார் ஜானகிராமன், புன்னகையோடு. "ரொம்ப ஆசாரம்."

வில்கென்ஸ் தலையசைத்தார். சாப்பாட்டின் நடுவே ஜானகிராமன் எழுந்து நின்று, இரண்டு நாட்டு நட்பைப் பற்றிச் சில வார்த்தை பேசி, "ஒரு சின்னப் பரிசு. ஓய்வு நேரத்தில் நானே என் கையால் செய்தது" என்று சொல்லித் துணியை எடுத்தார்.

'நானே' என்ற சொல்லை உப்பிலி கேட்டான். அறிமுகம் பிறகு வரும் என்று காத்திருந்தான்.

வில்கென்ஸ் கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். டாங்கியைத் தொடவில்லை. அதை எடுத்துப் பார்க்கும்படி தேசிகன் அவர் பக்கம் நகர்த்தினான். எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"இந்த மஞ்சள் என்ன?" என்று கேட்டார்.

"சந்தனம். ஆசீர்வாதம். புது வண்டி எதுவானாலும் நாங்கள் இப்படிச் செய்வோம்" என்றார் ஜானகிராமன்.

"ஆசீர்வாதம்" என்றார் வில்கென்ஸ். "இதற்கு."

வில்கென்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்த யுத்தத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. ரேடியோ என்னுடைய வேலை. இதற்குள்ளே ஐந்து பேர் இருந்தோம். வெளியே வந்தது நான் மட்டும்." பூவைச் சுட்டினார். "இது யாருக்குத் தோன்றியது?"

ஜானகிராமனின் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. "நான் செய்தேன் என்று சொன்னது, அதாவது என் மேற்பார்வையில். உண்மையில் இதைச் செய்தது எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் மிஸ்டர் உப்பிலி. பூ, சந்தனம் எல்லாம் அவர்தான். சொன்னேனே, ரொம்ப ஆசாரமானவர். சொன்னாலும் கேட்பதில்லை."

இத்தனை வாரம் காத்திருந்த பெயர் மேஜைமேல் சொல்லப்பட்டதும், மற்ற வார்த்தைகள் மனதில் போய்ச் சேரும் முன்பே உப்பிலி எழுந்து நின்று சிரித்துவிட்டான். நின்ற பிறகுதான் எல்லா முகங்களும் தெரிந்தன. அந்தச் சிரிப்பை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றான்.

வில்கென்ஸ் அவனைச் சிறிது நேரம் பார்த்தார். "வேலை சுத்தமாக இருக்கிறது" என்றார். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தேசிகன் பட்டுத் துணியை மறுபடியும் மேலே போட்டான்.

விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பும்போது டாங்கி மேஜைமேலேயே இருந்தது. "சாமி, இத்த இன்னா பண்றது?" என்றார் தேவசகாயம். "அவனே எடுத்துண்டு வருவான்" என்று ஜானகிராமன் காரில் ஏறினார். காரில் உப்பிலிக்கு இடம் இல்லை. பஸ்ஸில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்று வந்தான்.

மறுநாள் காலை வில்கென்ஸை வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க அழைத்துப் போனார்கள். தேசிகன் துணைக்குப் போனான். அதற்கு அடுத்த நாள் வில்கென்ஸ் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு டிராயிங் ஆபீஸுக்கு வந்தார். பின்னால் ஜானகிராமன், தேசிகன். வில்கென்ஸ் உப்பிலியின் பலகைக்கு முன்னால் நின்று, அதிலிருந்த வால்வுப் படத்தை வெகுநேரம் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் வைத்து, "இங்கே உங்கள் அளவுதான் சரி. எங்கள் படத்தில் தவறு இருந்தது" என்றார்.

"தாங்க் யூ, சார்."

"உங்களால் வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தம். உங்கள் மதத்தில் கடல் தாண்டக்கூடாது என்று மிஸ்டர் ஜானகிராமன் விளக்கினார். அன்று மேஜையில் நானே பார்த்தேன். எல்லோரும் சாப்பிடும்போது ஒரு மனிதர் தன் வழக்கத்தை விடாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பூவும் சந்தனமும்கூட, அன்று எனக்குக் கோபம் வந்தது, பிறகு யோசித்தேன். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உங்களுக்குப் பதில் மிஸ்டர் தேசிகன் வருகிறார்."

உப்பிலி அவர் தோளுக்கு மேலாக ஜானகிராமனைப் பார்த்தான். ஜானகிராமன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'என் அப்பா சம்மதித்துவிட்டார், சார்.' ஆங்கிலத்தில் சின்ன வாக்கியம்தான். அது நாக்கு நுனிவரை வந்தது. வில்கென்ஸ் நாளைக்கு விமானம் ஏறிவிடுவார். ஜானகிராமன் ரிடையராகும்வரை இங்கேதான் இருப்பார். அடுத்த பிரமோஷன், அதற்கடுத்தது எல்லாம் அந்தக் காலண்டரைப் பார்க்கும் மனிதரின் கையெழுத்தில் இருந்தது.

"நான் சொல்வது சரிதானே?" என்றார் வில்கென்ஸ்.

"ஆமாம், சார்."

வில்கென்ஸ் இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

விஷயம் சாப்பாட்டு மணிக்குள் ஸ்டோர்ஸுக்குப் போய்விட்டது.

"வாயில இன்னா கொழக்கட்டையா வெச்சிகினு இருந்தே?" சௌகத் அலிக்கு உண்மையிலேயே கோபம். "எங்க நைனா சரின்ட்டாரு, நான் வரேன்னு ஒரு வார்த்தை! அந்த மனுஷன் மூஞ்ச பாத்தா கேக்குற ஆளாத்தான் கீறாரு."

"பின்னால அவர் நின்னுண்டு இருந்தார் பாய்."

"நின்னா? கடிச்சிடுவாரா?"

உப்பிலி மேஜைமேல் கிடந்த ஒரு திருகாணியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கம் டேங்க்க ஒட்டச் சொல்லோ அந்தப் பக்கம் வாயையும் சேத்து ஒட்டிகினே போல. போ. போயி சாப்டு."

ஜானகிராமன் டிரைவரை உப்பிலியின் வீட்டுக்கு அனுப்பி டாங்கியை வாங்கிக்கொண்டார். அதற்கு முன், சந்தனக் கறை போக அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பெயின்ட் அடித்துக் கொடுக்கச் சொன்னார். உப்பிலி அடித்துக் கொடுத்தான். அது அவர் வீட்டுக் கூடத்து ஷோகேஸில் இருக்கிறது என்றும், வருகிறவர்களிடம் தன் கையால் செய்தது என்று சொல்கிறார் என்றும் ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வத்சலாவும் கூட வந்தாள். மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சன்னிதித் தெருவில் திரும்பியதுமே, எதிர் வீட்டுப் பெரியவர் கும்பிட்டார். உப்பிலியைவிட முப்பது வயது மூத்தவர் அவர்.

"வெள்ளைக்காரன் மூஞ்சிக்கு நேரயே சமுத்திரம் தாண்ட மாட்டேன்னுட்டியாமே. எதிர விருந்து வெச்சிருந்தும் எளநிகூடத் தொடலையாம். ஓட்டல்ல தங்கினப்போ வெள்ளைக்காரனே சொன்னான்னு தேவசகாயம் ஊர் பூராச் சொல்லிண்டிருக்கான்."

வீட்டில் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். மாசக் கணக்கில் அவன் பார்க்காத முகம். பேச வாயெடுத்து, மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சரின்னு சொன்னப்புறமும் வேண்டாம்னுட்டியேடா."

உப்பிலி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"யாராவது வற்புறுத்தினாளா? நீயே சொன்னியா?"

வத்சலா கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"நானே சொன்னேன்பா" என்றான்.

அப்பா உள்ளே பார்த்து இலை போடச் சொன்னார். தானே பக்கத்தில் உட்கார்ந்து நெய் விட்டார். மாசி மகத்துக்குப் பெருமாள் கடற்கரைக்கு எழுந்தருளும்போது அவனும் கூட வர வேண்டும், கோயிலில் எல்லோரும் கேட்கிறார்கள், இப்போதே லீவு சொல்லி வைத்துவிடு என்றார். உப்பிலி தலையை ஆட்டினான். இலையில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இன்னும் கொஞ்சம் சாதம் சாதிக்கட்டுமா?" என்று கேட்டாள் வத்சலா.

"போதும்."

"போதும்னா எப்படி? போடும்மா. நன்னாச் சாப்பிடட்டும்" என்றார் அப்பா.